நாற்பதாவது பெயர்

அத்தியாயம் 7

முதல் செருப்பு பாயிஸின் ஓட்டோ முன்கண்ணாடியில் வந்து விழுந்தது. இரண்டாவது செருப்பு வரக் கொஞ்சம் தாமதித்தது. எறிந்த மனுசன் ஒற்றைக் காலில் நின்று அதைக் கழற்ற வேண்டியிருந்தது.

"அக்கா, சோடி சேந்திட்டுது. அளவு சரியெண்டா கொண்டு போவம்," என்றான் பாயிஸ்.

பின் இருக்கையில் இருந்த பிரேமிளா சிரிக்கவில்லை. பேசாலையில் கம்ப்யூட்டர் திருத்தும் கடை வைத்திருக்கிற பெண்மணி. வயது நாற்பத்தாறு. கொழும்பில் பத்து வருசம் மென்பொருள் எழுதியவள். சண்டை முடிந்து ஊர் திரும்பிய பிறகு சனங்கள் அவளிடம் பழுதான கம்ப்யூட்டரோடு பழுதான வழக்குகளையும் கொண்டுவரத் தொடங்கியிருந்தார்கள். காணாமல் போன படகு எஞ்சின், மொட்டைக் கடிதம், கள்ளக் கையெழுத்து என்று எதுவானாலும் அவளிடம் வரும். ஓட்டோ பாயிஸுடையது. உதவியாளர் வேலையையும் அவனே தனக்குக் கொடுத்துக்கொண்டான்.

முசலியில் அவர்கள் தேடி வந்த கந்தோரின் படலைக்கு வெளியே நூறு பேருக்கு மேல் நின்றார்கள். கரையோரக் காணி உதவி நிலையம் என்ற பெயர்ப்பலகையில் யாரோ சேறு பூசியிருந்தார்கள்.

"கள்ளியை வெளியில விடு!"

ஓட்டோ படலையை நெருங்க, இப்போது செருப்பில்லாமல் நின்ற பாயிஸின் மாமா மன்சூர் பக்கக் கம்பியைப் பிடித்து நிறுத்தினார்.

"டேய், ஆரை ஏத்திக்கொண்டு வாறாய்? அவளைக் காப்பாத்த வந்த ஆளையோ?"

"ஏறுற ஆளிட்ட ஐடென்டி கேக்கிறதுக்கு நான் என்ன ஆமிக்காரனோ மாமா?"

"உன்ர வாப்பான்ர காணியும் போயிட்டுது. அது ஞாபகம் இருக்கோ?"

பாயிஸ் கிளச்சை விட்டான். உள்ளே வந்து எஞ்சினை நிறுத்தியதும் பிரேமிளா கேட்டாள்.

"உங்கட வாப்பான்ர காணிக் கோவையும் காணாமப் போனதோ?"

"ஓம். எழுபத்தியொண்டாம் இலக்கம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"சொன்னா நீங்கள் வேற ஓட்டோ பிடிச்சிருப்பீங்கள்."

விசயம் இதுதான். தொண்ணூறாம் ஆண்டு கொண்டச்சியிலிருந்து துரத்தப்பட்டுப் புத்தளத்தில் இருபது வருசம் கிடந்த சனம், சண்டையில் ஓடிக் களைத்த பெருநிலத்துச் சனம், மலைநாட்டிலிருந்து வந்து குடியேறின சனம் எல்லாரும் தங்கள் காணிப் பத்திரங்களை இந்த நிலையத்தில் கொண்டுவந்து பதிந்தார்கள். நிலையம் ஒவ்வொரு பத்திரத்தையும் படம் பிடித்து, இலக்கம் போட்ட ஒரு கோவையாகக் கம்ப்யூட்டரில் ஏற்றியது. மூலப் பத்திரங்கள் சரிபார்க்கக் கொழும்புக்குப் போய்விட்டன. நாளைக் காலை காணி விசாரணை. கம்ப்யூட்டரில் பெயர் இருந்தால்தான் விசாரணைக் கடிதம் கிடைக்கும். கடிதம் இல்லாதவனின் காணி ஆளில்லாக் காணி என்று எழுதப்படும்.

போன கிழமை கடிதம் எடுக்க வந்தவர்களில் முப்பத்தொன்பது பேருக்குக் கம்ப்யூட்டர் ஒரே பதிலைத்தான் சொன்னது. 'முடிவு இல்லை.' அதில் முப்பத்தாறு பேர் கொண்டச்சி ஆட்கள். கம்ப்யூட்டரைத் தொடுகிற ஒரே ஆள் வேணுஜா. கொண்டச்சி ஆளல்ல, பெருநிலத்துப் பிள்ளை, இருபத்து நாலு வயது. இதற்கு மேல் படலையில் நின்றவர்களுக்குச் சாட்சி தேவைப்படவில்லை.

பணிப்பாளர் அமிர்தநாயகம் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"ஆர் உங்களைக் கூப்பிட்டது?"

"நான்தான் சேர்," மூலையிலிருந்து குரல் வந்தது. வேணுஜா சுவரோடு போட்ட கதிரையில் இருந்தாள். அழுது முடித்த முகம், இப்போது கோபம் மட்டும் மிச்சம். "மிஸ்ஸிட்டத்தான் நான் கம்ப்யூட்டர் படிச்சனான்." அவள் பார்வை பாயிஸில் போய் நின்றது. "உவர் என்னத்துக்கு வந்தவர்? போன வெள்ளி படலையில நிண்டு கள்ளி எண்டு கத்தினதில உவற்ற சத்தம்தான் பெரிசு."

பாயிஸ் மேலே சுற்றுகிற மின்விசிறியைக் கவனமாகப் பார்த்தான். அவன் தொண்டை பெரிய தொண்டை. எல்லாருக்கும் தெரியும்.

"அப்ப ஒரு வாத்தியாரும் ஒரு கத்துற ஆளும்," என்றார் அமிர்தநாயகம். "நல்ல கூட்டு. இஞ்ச பாருங்கோ அம்மா, மூண்டு மணிக்குப் பொலிஸ் வரும். இந்தக் கடிதத்தில இவ கையெழுத்து வச்சா வேலையோட முடியும். வைக்காட்டி ஜீப்பில ஏறட்டும்."

மேசையில் தட்டச்சுச் செய்த கடிதம் கிடந்தது. 'நான் வேண்டுமென்றே அழித்தேன்' என்று தொடங்கியது. சுவர் மணிக்கூட்டில் ஒன்றேகால்.

"வைக்க மாட்டன்," என்றாள் வேணுஜா.

"கம்ப்யூட்டரைப் பாக்கலாமோ?" பிரேமிளா கேட்டாள்.

அமிர்தநாயகம் மேசை லாச்சியைத் திறந்து விசைப்பலகையை எடுத்து மேசையில் போட்டார். வேணுஜா தொடக்கூடாதென்று கழற்றி ஒளித்து வைத்திருந்தார்.

"பாருங்கோ. ஆனா ஒண்டு சொல்லுறன். இந்த நிலையம் சும்மா நிலையமில்லை." தலைக்கு மேல் மாட்டியிருந்த பெரிய படத்தைக் காட்டினார். படத்தில் அமிர்தநாயகம் கழுத்துப் பட்டியோடு சிரிக்க, பக்கத்தில் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரன் இதே கம்ப்யூட்டரை நோக்கி விரலை நீட்டிக்கொண்டிருந்தான். "நிதி குடுக்கிற ஆக்கள் ஆவணியில வந்தவை. எங்கட வேலையை மெச்சிக் கை காட்டுறார் பாருங்கோ. அப்பிடிப்பட்ட இடத்தில இவ செய்த வேலை இது."

"நல்ல விரல்," என்றான் பாயிஸ். "எங்கட பக்கம் இப்பிடி நீட்டினா அடிபாடு வரும்."

"வெளியில போம்!"

"அவர் இருக்கட்டும்," என்றாள் பிரேமிளா. "எனக்கு ஒரு பாதிக்கப்பட்ட ஆள் பக்கத்தில வேணும்."

அவள் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்த பத்து நிமிசத்தில் அமிர்தநாயகத்தின் குற்றச்சாட்டுக்கு முதல் அடி விழுந்தது.

"வேணுஜா, மொத்தம் எத்தினை கோவை பதிஞ்சனீங்கள்?"

"அறுநூத்தி நாப்பது மிஸ்."

"படக் களஞ்சியத்தில அறுநூத்தி நாப்பது படமும் இருக்குது. ஒண்டும் அழியேல்ல." அவள் ஒரு படத்தைத் திறந்தாள். எழுபத்தொன்று. நாலாக மடித்து மடித்துக் கிழிந்த பத்திரம். அதில் வாப்பாவின் பெயர், பாலை மர எல்லை, பழைய முத்திரை.

பாயிஸ் திரைக்குக் கிட்டக் குனிந்தான். இருபது வருசம் உம்மாவின் அரிசித் தகரப் பேணிக்குள் கிடந்த பத்திரம்.

அமிர்தநாயகம் மட்டும் அசையவில்லை. "அப்ப அழிக்கேல்ல, ஒளிச்சிருக்கிறா. இன்னும் கெட்டித்தனம். எழுதின கடிதத்தில ஒரு சொல்லு மாத்தினாச் சரி."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இருக்கிற ஒன்றைத் தேடுகிறவன் கண்ணிலிருந்து மறைக்க விசயம் தெரிந்த கை வேண்டும்.

"அக்கா, இருக்கிற சாமானை இல்லையெண்டு ஏன் சொல்லுது உந்தப் பெட்டி?"

"தேடேக்க அது படங்களைப் பாக்கிறேல்ல. பெரிய புத்தகத்துக்குக் கடைசியில எந்தச் சொல்லு எந்தப் பக்கத்திலயெண்டு ஒரு அட்டவணை இருக்கும். அந்த மாதிரி ஒண்டைக் கட்டி வச்சிருக்கு. தேடுறது அதுக்குள்ள மட்டும்தான். அட்டவணையில ஏறாதது அதுக்குப் பிறக்காத பிள்ளை."

"அந்த அட்டவணையை ஆர் கட்டுறது?"

"வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை நான்தான் பொத்தானை அமத்துறனான்," என்றாள் வேணுஜா மெதுவாக.

"கேட்டீங்கள்தானே," என்றார் அமிர்தநாயகம்.

பிரேமிளா தேடும் பெட்டியில் 'கொண்டச்சி' என்று அடித்தாள். நாலு பெயர் வந்தது. அறுபது, அறுபத்தொன்று, அறுபத்திரண்டு, அறுபத்து மூன்று.

"அறுபத்து மூண்டு எங்கட மன்சூர் மாமா," என்றான் பாயிஸ். "வெளியில செருப்பில்லாமல் நிக்கிறவர்."

"அவற்ற கோவை காணாமப் போகேல்லையோ?"

"இல்லை. அவர் எங்களுக்காகக் கத்துறார். கத்துறது எங்கட குடும்பத் தொழில்."

"கொண்டச்சி ஆக்கள் எப்பிடிப் பதிஞ்சவை?"

"புத்தளத்தில இருந்து ஒரே பஸ்ஸில வந்தனாங்கள். நாப்பது பேர். இறங்கி வரிசையில நிண்ட ஒழுங்கில துண்டு தந்தவை. அறுபதில தொடங்கித் தொண்ணூத்தொன்பது மட்டும்."

"ஒரே பஸ். ஒரே வரிசை. வன்மத்தில அழிக்கிற ஆள் உங்கட மாமாவோட நாலு பேரை விட்டிட்டு அறுபத்து நாலில இருந்து ஏன் தொடங்குவாள்?"

"மாமாவைப் பாத்தா ஆருக்கும் பயம் வரும்."

"மிச்ச மூண்டு பேர் ஆர்? முப்பத்தொன்பதில கொண்டச்சி இல்லாத ஆக்கள்?"

வேணுஜாவுக்கு மனப்பாடம். "ஏழு, எட்டு, ஒன்பது. எட்டாவது கதிர்காமு ஐயா. எங்கட ஊர்தான், வயல் செய்யிறவர். எனக்குத் தூரத்துச் சொந்தமும்."

"சந்தேகம் வராமல் இருக்கத் தன்ர ஆக்களிலயும் மூண்டைச் சேத்திருக்கிறா," அமிர்தநாயகம் உடனே சொன்னார். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு மூடி தயாராக இருந்தது.

"ஏழு, எட்டு, ஒன்பது போச்சு. பத்து ஏன் போகேல்ல?" பிரேமிளா தனக்குள்ளே கேட்டுக்கொண்டு எழும்பிச் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலுக்கு முன்னால் போய் நின்றாள். கம்ப்யூட்டர் அச்சடித்த கோவைப் பட்டியல். பாயிஸும் பின்னால் போய் எட்டிப் பார்த்தான்.

"ஒண்டு. அதுக்குப் பிறகு பத்து. பத்துக்குப் பிறகு நூறு, நூத்தியொண்டு..." அவன் விரலால் தடவிக்கொண்டு போனான். "இதென்ன அக்கா, எண்ணத் தெரியாத ஆள் போட்ட லிஸ்ட்."

பிரேமிளா திரும்பினாள். அவள் முகத்தில் அன்றைக்கு முதல்தரமாக ஒரு வெளிச்சம்.

"பாயிஸ், நீங்கள் கத்துறதை விட வாசிக்கிறது நல்லாயிருக்கு. சரியாச் சொன்னீங்கள். இதுக்கு எண்ணத் தெரியாது. வாசிக்க மட்டும்தான் தெரியும்."

"விளங்கேல்ல."

"பள்ளிக்கூட இடாப்பில பேரை எப்பிடி அடுக்குவினம்? முதல் எழுத்தைப் பாத்து, பேந்து ரெண்டாவது எழுத்தைப் பாத்து. இது இலக்கத்தையும் அப்பிடித்தான் அடுக்குது. பத்தில முதல் எழுத்து ஒண்டு, அது முன்னுக்குப் போகுது. நூறும் அப்பிடியே. ஒன்பது எவ்வளவு சின்ன இலக்கமெண்டாலும் வரிசையில கடைசி. ஏழு, எட்டு, எழுபது, எண்பது எல்லாம் அந்தக் கடைசிக் கூட்டம்." அவள் வேணுஜாவைப் பார்த்தாள். "கோவை இலக்கம் எழுதுற பெட்டியைச் சொல்லுப் பெட்டியா ஆர் வச்சது?"

"இதைக் கட்டின எட்வேட் அண்ணைதான் மிஸ். அவர் இப்ப கட்டாரில. முதல்ல ஒவ்வொரு இலக்கத்துக்கும் முன்னால ஊரின்ர எழுத்து இருந்தது. கொண்டச்சிக்கு ஒண்டு, எங்கட ஊருக்கு ஒண்டு. அதால சொல்லாத்தான் வைக்கவேணும். பேந்து பொதுக் கூட்டத்தில பெரிய குழப்பம். எந்த ஊர் முதல் எழுத்து, எங்களை ஏன் ஊர் ஊராப் பிரிக்கிறீங்களெண்டு. அடிபாடு வரப் பாத்து எழுத்தை எடுத்திட்டினம். பெட்டி அப்பிடியே கிடந்திட்டுது."

"குழப்பத்தைத் தொடக்கினது ஆர்?"

வேணுஜா பேனையை நீட்டினாள். நேரே பாயிஸை நோக்கி.

"நான் நியாயம்தானே கேட்டனான்!" என்றான் அவன். "ஏற்கெனவே பிரிச்சது காணாதோ எண்டுதான் கேட்டனான். அதுக்காகப் பெட்டி என்னோட கோவிக்குமெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"கேட்டது நியாயம்தான். இதோட ஒருத்தரும் காணாமப் போயிருக்க மாட்டினம். ஒழுங்கு மட்டும்தான் பிழைச்சிருக்கும்," என்றாள் பிரேமிளா. "கடைசியில நிண்டவையை ஆரோ தள்ளி விழுத்தியிருக்கினம். அது வேற கை."

மணி இரண்டு. வெளியே சத்தம் கூடியிருந்தது. யன்னலில் ஒரு கல் வந்து விழுந்தது. கண்ணாடி உடையவில்லை, ஆனால் வேணுஜா உடம்பு குறுகி உட்கார்ந்தாள்.

பிரேமிளா கம்ப்யூட்டரின் குறிப்பேட்டைத் திறந்தாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அட்டவணை கட்டிய விபரம் அதில் ஒரு வரியாக விழும். பெயர், வேணுஜா. நேரம். ஏறிய கோவைகள், அறுநூறு. அதற்கு முந்தின வெள்ளி, அறுநூறு. அதற்கு முந்தினதும் அறுநூறு.

"கிழமைக்குக் கிழமை புது ஆக்கள் பதியினம். கணக்கு மட்டும் அறுநூறில ஆணி அடிச்ச மாதிரி நிக்குது," என்று சொல்லிக்கொண்டே எட்வேட் எழுதிய நிரலைக் கீழே கீழே தள்ளி ஓரிடத்தில் நிறுத்தினாள். "இந்தா. அட்டவணை கட்டேக்க கோவைகளை இலக்க ஒழுங்கில அடுக்கு, முதல் அறுநூறை எடு. பழைய மெசின் தாங்காதெண்டு போட்டிருக்கிறான். அந்த நேரம் இருந்ததே நானூறு கோவைதான்."

பாயிஸ் தலையைச் சொறிந்தான். "பஸ்ஸில அறுநூறு சீட். அறுநூத்தியோராம் ஆள் முன் கதவால ஏற, பின் கதவால ஒராள் விழுறார்."

"அதேதான். அறுநூத்தியோராம் ஆள் பதிஞ்ச கிழமை தொண்ணூத்தொன்பது விழுந்தது. அடுத்த ஆளுக்குத் தொண்ணூத்தெட்டு. புதுசா வந்தவை ஒவ்வொருத்தரும் தெரியாமலே ஒரு பழைய ஆளைத் தள்ளியிருக்கினம். தொண்ணூறுகள், ஒன்பது, எண்பதுகள், எட்டு, எழுபதுகள், ஏழு, பிறகு அறுபத்தொன்பதில இருந்து அறுபத்து நாலு. உங்கட பஸ்ஸில முதல் இறங்கின நாலு பேரும் தப்பினது அதாலதான்."

"கதை நல்லாயிருக்கு," என்றார் அமிர்தநாயகம். "படலையில நிக்கிற சனத்துக்கு உதைச் சொல்லிப் பாருங்கோவன். அந்த நிரலை இவவே திருத்தியிருக்கலாம்தானே?"

பிரேமிளா ஒரு பேனையை எடுத்தாள். பழைய கடித உறை ஒன்றின் பின்பக்கத்தில் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தாள். பேனை நின்றது.

"முறைப்பாடு எத்தினை?"

"முப்பத்தொன்பது," என்றான் பாயிஸ்.

"இருக்கிறது அறுநூத்தி நாப்பது. ஏறினது அறுநூறு. விழுந்தது நாப்பது. ஒராள் குறையுது. இந்த ஒழுங்கில பாத்தா நாப்பதாவது ஆள்..." அவள் உறையைப் பார்த்தாள். "அறுநூத்தி நாப்பதாம் இலக்கம். கடைசியா வந்தவர். ஏறின உடனேயே விழுந்திருக்கிறார். அவர் ஏன் முறைப்பாடு செய்யேல்ல?"

அவள் தேடும் பெட்டியில் 640 என்று அடித்தாள். 'முடிவு இல்லை.' படக் களஞ்சியத்தில் கடைசிப் படத்தைத் திறந்தாள். குளத்தடி வயல், ஒன்றரை ஏக்கர். பெயர் நவரத்தினம் பரமேஸ்வரி.

வேணுஜா கதிரையை விட்டு எழும்பி வந்து திரையைப் பார்த்தாள். கையால் வாயைப் பொத்தினாள்.

"அம்மா," என்றாள்.

பிரேமிளா தன் கதிரையை அவள் பக்கம் தள்ளினாள்.

"எல்லாரும் பதிஞ்சு முடிய விடுவம், கந்தோரில வேலை செய்யிறதால முந்தினாங்களெண்டு சனம் சொல்லுமெண்டு அம்மாவை நான்தான் கடைசியா வரச் சொன்னனான்," என்றாள். "ஒரு கடிதம்தானே, கடைசி நாள் எடுத்து வீட்டை கொண்டு போய்க் குடுப்பமெண்டு நான் தேடிப் பாக்கவே இல்லை. அப்ப எங்கட காணியும்... நாளைக்கு..."

பாயிஸ் அவளைப் பார்க்க முடியாமல் சுவர்ப் பட்டியலைப் பார்த்தான். தாயின் வயலைத் தானே ஆளில்லாக் காணியாக்குகிற கள்ளியை அவன் கேள்விப்பட்டதில்லை.

"நாடகம்!" அமிர்தநாயகம் மேசையில் அடித்தார். "அம்மாவையும் சேத்து ஒளிச்சா ஒருத்தரும் சந்தேகப்பட மாட்டினமெண்டு நினைச்சிருக்கிறா!"

"அக்கா, இந்த மனுசனைக் கிணத்துக்க போட்டாலும் மேல மூடியோடதான் வருவார்," என்றான் பாயிஸ்.

வாசலில் ஜீப் வந்து நின்றது. மணி இரண்டே முக்கால். உள்ளே வந்த சார்ஜன் தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அரைகுறைத் தமிழில் கேட்டார்.

"ஆரு கள்ளன்?"

"பத்து நிமிசம் தாங்கோ, காட்டுறன்," என்றாள் பிரேமிளா. உறையின் மூலையில் ஏதோ எழுதி மடித்துச் சார்ஜனின் கையில் கொடுத்தாள். "இதை இப்ப திறக்க வேண்டாம். பணிப்பாளர் ஐயா, நீங்களே இதில இருங்கோ. உங்கட பேரில ஒரு புதுக் கோவை பதியுங்கோ. வேணுஜா அந்த மூலையிலேயே நிக்கட்டும். உங்கட கையாலேயே அட்டவணையைக் கட்டுங்கோ."

அவர் தயங்கினார். சார்ஜன் பார்த்துக்கொண்டிருந்தார். யன்னல் கம்பியில் மன்சூர் மாமாவோடு நாலைந்து முகங்கள் வந்து ஒட்டியிருந்தன. வேறு வழியில்லாமல் அமிர்தநாயகம் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தன் பெயரை அடித்தார். இலக்கம் அறுநூற்று நாற்பத்தொன்று. பொத்தானை அமத்தினார். திரையில் பட்டை மெதுவாக நிரம்பியது. 'அட்டவணை முடிந்தது. 600.'

"இப்ப உங்களைத் தேடுங்கோ."

அவர் 'அமிர்தநாயகம்' என்று அடித்தார்.

'முடிவு இல்லை.'

திரும்பவும் அடித்தார். 'முடிவு இல்லை.'

சார்ஜன் உறையைப் பிரித்தார். பாயிஸ் எட்டி வாசித்துச் சொன்னான். "641 காணாமல் போகும். வேறு ஒருவரும் போகமாட்டார்." பிறகு அவன் பணிப்பாளரைப் பார்த்துக் கையை விரித்தான். "ஐயா, உங்களையும் அழிச்சுப் போட்டினம். வாங்கோ, படலையில எங்களோட நிண்டு கத்துவம். செருப்பு இருக்கோ?"

யன்னலில் யாரோ சிரித்தார்கள். ஆனால் பிரேமிளாவின் முகம் இளகவில்லை. அவள் சுவரிலிருந்த பெரிய படத்துக்குக் கிட்டப் போய் நின்றாள்.

"இன்னும் ஒண்டு மிச்சம். அறுநூறு தாண்டினா அட்டவணை அரைகுறையெண்டு சொல்லச்சொல்லி எட்வேட் எழுதி வச்சிருக்கிறான். திரைக்கு மேல மஞ்சள் பட்டை வரவேணும். இண்டைக்கு வரேல்ல. ஏனெண்டு பாத்தன். 'இனிக் காட்டாதே' எண்டு ஆரோ அமத்தி வச்சிருக்கினம். வேணுஜா, உங்களுக்கு அந்த இடத்துக்குப் போக அனுமதி இருக்கோ?"

"இல்லை மிஸ். அது பணிப்பாளற்ற கடவுச்சொல்லு கேக்கும்."

"அமத்தின நாள் ஆவணி பதினாலு. காலமை பத்து இருபது." அவள் விரலைப் படத்தில் வைத்தாள். "இந்தப் படம் எடுத்த நாள் எப்ப ஐயா?"

அமிர்தநாயகம் மேசையிலிருந்த கடிதத்தை நேராக்கி வைத்தார். இந்த முறை மூடி ஒன்றும் கிடைக்கவில்லை.

அந்தப் படத்தின் மூலம் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. பிரேமிளா அதைத் திறந்து பெரிதாக்கினாள். தொப்பி, விரல், விரலின் நுனி, நுனிக்கு நேரே திரை. திரையின் உச்சியில் மஞ்சள் பட்டை. இன்னும் பெரிதாக்க எழுத்துத் தெரிந்தது. '614 கோவைகளில் 600 மட்டுமே ஏறியது. உடனே எட்வேட்டை அழைக்கவும்.'

"வெள்ளைக்காரன் மெச்சேல்ல," என்றாள் பிரேமிளா. "இதென்னவெண்டு கேட்டிருக்கிறான். தமிழ் வாசிக்கத் தெரியாதவனுக்கே கண்ணில பட்டது. உங்களுக்கும் பட்டது. அவன் அங்கால திரும்பின உடன அதை அமத்திப்போட்டு, படத்தைக் கண்ணாடி போட்டு மாட்டினீங்கள். போன கிழமை சனம் வந்து கத்தேக்க உங்களுக்கு விளங்கிப்போட்டுது. ஆனா நிதி குடுக்கிறவைக்குப் பதில் சொல்லுறதை விட இந்தப் பிள்ளையை ஜீப்பில ஏத்துறது லேசு."

"நான்... விருந்தாளியள் வந்த நேரம்... பிறகு பாப்பமெண்டு..."

"பிறகு பாப்பம்!" யன்னலுக்கு வெளியே மன்சூர் மாமாவின் குரல் உறுமியது. "இருபது வருசமா எல்லாரும் எங்களுக்கு அதைத்தான் சொல்லுறாங்கள்!"

சார்ஜன் மேசையில் கிடந்த தட்டச்சுக் கடிதத்தை எடுத்து அமிர்தநாயகத்தின் முன்னால் கவிழ்த்து வைத்தார். வெற்றுப் பக்கம் மேலே வந்தது. தன் பேனையை அதன் மேல் வைத்தார்.

"இப்ப நீங்க எளுதுங்க," என்றார்.

திருத்த அரை மணித்தியாலம் எடுத்தது. பிரேமிளா சொல்லச் சொல்ல வேணுஜாவே செய்தாள். இலக்கப் பெட்டியை இலக்கமாக்கினாள். அறுநூறு என்ற வரியை எடுத்தாள். மஞ்சள் பட்டையைத் திரும்ப வரச் செய்தாள். பொத்தானை அமத்தினாள். பட்டை நிரம்பியது.

'அட்டவணை முடிந்தது. 641.'

அவள் அம்மாவின் பெயரைத் தேடவில்லை. தலையைத் திருப்பாமல் கேட்டாள்.

"உங்கட இலக்கம்?"

"எழுபத்தியொண்டு," என்றான் பாயிஸ்.

அவள் அடித்தாள். வாப்பாவின் பெயர் வந்தது. கொண்டச்சி, பாலை மர எல்லை, எல்லாம் வந்தது. அச்சு இயந்திரம் முனகிக்கொண்டு நாளைய விசாரணைக்கான கடிதத்தைத் துப்பியது. அவள் அதை எடுத்து நீட்டினாள். அவன் கையை நீட்ட, அவள் கடிதத்தை விடவில்லை.

"தங்கச்சி, நான் அண்டைக்கு..." அவன் தொடங்கினான்.

"எனக்கு இதுக்குள்ள ஒண்டும் சொல்ல வேண்டாம். இதுக்குள்ள அஞ்சு பேர்தான். நீங்கள் கள்ளி எண்டு கத்தினது நூறு பேருக்கு முன்னால." அவள் கடிதத்தை விட்டாள். "படலைக்குப் போங்கோ. அதே சத்தத்தில சொல்லுங்கோ."

பாயிஸ் பிரேமிளாவைப் பார்த்தான். அவள் தன் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். இதில் அக்கா உதவ மாட்டாள் என்று விளங்கியது.

அவன் வெளியே வந்தான். வெயில் முகத்தில் அடித்தது. படலைக்கு அங்கால் நூறு முகங்கள், ஒன்றிலும் சிரிப்பில்லை. இனி எந்தப் பக்கத்திலிருந்து செருப்பு வருமென்று அவனுக்குத் தெரியாது. ஓட்டோவின் முன் சில்லுக்கு மேலிருந்த தகட்டில் ஏறி நின்று, மடிக்காமல் கடிதத்தைத் தலைக்கு மேல் பிடித்தான். வாழ்க்கையில் முதல்தரமாகக் கத்துவதற்கு முன் ஒரு நிமிசம் யோசித்தான்.

பிறகு, போன வெள்ளிக்கிழமையை விடப் பெரிதாகக் கத்தினான்.

"அந்தப் பிள்ளை கள்ளியில்லை! பிழை எங்கட பக்கம்! முதல் பிழை என்ர!"